வாசலுக்கு மேலே இரண்டாவது வரிசைக் கல்

1

நேற்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சுருளிப்பட்டியிலிருந்து அக்கா ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். புது வீட்டு முன்சுவரின் படம். வாசல் கதவுக்கு மேலே இருக்கும் பழுப்புக் கல்லிலிருந்து வெள்ளையாக இரண்டு கோடு கீழே வழிந்திருந்தது. கூடவே ஒரு குரல் பதிவு.

"ஏலே தவசி, ரெண்டு நா மழையில கல்லு இப்பிடி வெள்ளக் கோடு போட்டிருக்குடா. எதப் போட்டுத் தொடச்சாப் போகும்? ஆசிட் ஊத்தலாமான்னு ஒங்க மாமா கேக்குறாக. நீ அங்கன இந்த வேலதான பாக்குற, சொல்லு."

நான் துபாய்ப் பக்கம் வந்து ஐந்து வருஷம் ஆகிறது. இந்த ஐந்து வருஷத்தில் அக்கா என் தொழிலைப் பற்றி மரியாதையாகக் கேட்ட முதல் கேள்வி இது. பதிலும் எனக்குத் தெரியும். துடைத்தால் போகாது. அது அழுக்கே இல்லை. கல்லுக்குப் பின்னால் தண்ணீர் இறங்கி, அங்கே ஊற்றி வைத்திருக்கும் சிமெண்டுக் கலவையைக் கரைத்துக்கொண்டு வெளியே வருகிறது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்தக் கல்லின் இடது கீழ் மூலையில் தலைமுடி மாதிரி ஒரு கீறல். போன வாரப் படத்தில் அது கிடையாது.

"தொடைக்காத. கிட்டவே போகாத. அந்த வாசல் வழியா யாரும் போகாதீக" என்று அனுப்பினேன்.

இரண்டு நிமிஷத்தில் பதில் வந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் முட்டுமே ஒரு மஞ்சள் மூஞ்சி, அது மூன்று.

சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டேன். முதலிலிருந்து சொல்கிறேன், கேளுங்கள்.

2

ஊரில் யாராவது "அங்கன என்ன வேலடா?" என்று கேட்டால், "கட்டடத்துக்குச் சட்ட மாட்டி விடுற வேல" என்பேன். லந்து பண்ணுகிறேன் என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஆனால் வேலையே அதுதான். கட்டடத்தை யாரோ கட்டி முடித்துவிடுவார்கள். அம்மணமாக நிற்கும். நாங்கள் போய் வெளிப்பக்கம் முழுக்கக் கல் பலகை மாட்டி அதற்கு மானம் காப்போம். பத்தாம் வகுப்புக் கணக்கில் இரண்டு தடவை கோட்டைவிட்டவனை நம்பி இருபத்திரண்டு மாடிக் கட்டடத்தைக் கொடுத்திருக்கிறார்கள் என்றால், இந்த ஊருக்கு எவ்வளவு தைரியம் இருக்க வேண்டும் பாருங்கள்.

ஒட்டுகிற வேலை என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு சட்டி சிமெண்டு கிடையாது. காங்கிரீட்டில் துளை போட்டு போல்ட் இறக்குவோம். போல்ட்டில் துருப்பிடிக்காத பிராக்கெட். பிராக்கெட் நுனியில் பாதிச் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு பின். கல்லின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் ஓட்டை போட்டு, அந்தப் பின்னில் கல்லை உட்கார வைப்போம். ஒவ்வொரு கல்லும் தன் பிராக்கெட்டில் தானே நிற்கும். கீழே இருக்கிற கல்லின் தலைமேல் ஏறி உட்காராது. கல்லுக்கும் சுவருக்கும் நடுவே மூன்று விரல் அளவு காலி இடம் விடுவோம். சட்டைக்கும் உடம்புக்கும் நடுவே காற்றுப் போக வேண்டாமா, அப்படி. மழைத் தண்ணீர் உள்ளே போனால் அது வழியாகக் கீழே இறங்கிவிடும். வெயிலில் கல் விரிந்தால் விரிந்துவிட்டுப் போகும். அந்தக் காலி இடத்தில்தான் இந்த வேலையின் உயிரே இருக்கிறது.

காலையில் ஐந்தரைக்கு சார்ஜா கேம்ப்பில் கம்பெனி பஸ் ஏறினால் ஏழு மணிக்கு சைட். கயிற்றில் தொங்கும் இரும்புத் தொட்டிலில் மூன்று பேர் ஏறுவோம். நான், ஒரு நேபாளி, ஒரு பாகிஸ்தானி. தூக்கு என்பதற்கு இந்தி, இறக்கு என்பதற்கு மலையாளம், போதும் என்பதற்கு இங்கிலீஷ். திட்டுவதற்கு மட்டும் அவரவர் தாய்மொழி. போர்மேன் ஜோசேட்டன், குமுளி ஏறி இறங்கினால் வருகிற கட்டப்பனைக்காரர். எங்கள் ஊர் மலைக்கு அந்தப் பக்கம் அவர் வீடு, இந்தப் பக்கம் நான். இத்தனை தூரம் வந்துதான் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்க்க முடிந்தது என்று அவரிடம் சொல்வேன்.

போன மாதம் பதினாலாவது மாடியில் இரண்டு கல் சேரும் இடத்தில் உள்ளங்கையை ஓட்டிப் பார்த்தேன். எங்கள் வழக்கம் அது. கண்ணுக்குத் தப்புவது கைக்குத் தப்பாது. ஒரு கல் முன்னால் தள்ளியிருந்தது. ஒரு ரூபாய்க் காசின் கனம்கூட இருக்காது. "இது சரியில்லை" என்று கையைத் தூக்கினேன். அவ்வளவுதான். விசில் ஊதினார்கள், கீழே நடைபாதையைச் சிவப்பு நாடா கட்டி அடைத்தார்கள், வலை விரித்தார்கள். அரை நாள் வேலை நின்றது. ஒருத்தர்கூட "என்னடா விளையாடுறியா" என்று கேட்கவில்லை.

கீழே நடந்து போகிற ஒருத்தரையும் எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் என்னைத் தெரியாது. தெரியாத இடத்தில் என் வாய்க்கு எத்தனை மதிப்பு!

3

தெரிந்த இடத்துக்கு வருகிறேன்.

அம்மாவும் அப்பாவும் நான் ஆறாவது படிக்கும்போதே அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். என்னைவிட ஒன்பது வயது மூத்த பேச்சியக்காதான் எனக்குச் சோறு போட்டவள். அவளைச் சுருளிப்பட்டியில் கட்டிக் கொடுத்தபோது பீரோ, கட்டில், மிக்ஸியோடு சேர்ந்து நானும் ஒரு சீர்ச் சாமானாகப் போய் இறங்கினேன். லோகு மாமா ஒன்றும் சொல்லவில்லை. பன்னீர் திராட்சைப் பந்தல் போட்டிருக்கும் சம்சாரி. பந்தலுக்குக் கீழேயே வாழ்ந்து வாழ்ந்து நிமிர்ந்து பேசத் தெரியாத மனுஷன். அவர்களுக்கு யாழினி என்று ஒரே பெண், ஒன்பது வயது.

அந்த வீட்டில் என் வேலை மற்றவர்களைச் சிரிக்க வைப்பது. சிரிக்க வைக்க முடியாவிட்டால் பதற வைப்பது. யார் குரலிலும் பேசுவேன். ஊர்த் தலைவர் குரலில் மாமாவைக் கூப்பிட்டு, தோட்டத்து வழியாக ரோடு போடப் போவதாகச் சொல்லி ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவிடாமல் செய்திருக்கிறேன். மாலையில் சொன்னதும் மாமா தென்னை மட்டையோடு தெருக்கோடி வரை விரட்டிக்கொண்டு வந்தார். திரும்பி வந்து அதே மாமாதான் பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பிடச் சொன்னார்.

போன வருஷம் புது வீடு கட்ட ஆரம்பித்தார்கள். நான் மாட்டிய கட்டடத்தின் போட்டோவைப் பந்தாவாக அனுப்பினேன். அக்கா பிடித்துக்கொண்டாள். "எனக்கும் முன்பக்கம் இதே மாதிரிதான் வேணும். என் தம்பி செய்யிற வேல என் வீட்டுல இருக்கட்டும்" என்றாள். அந்தச் சொல்லுக்குப் பதிலாக நான் என்ன செய்தேன் தெரியுமா? அவள் தேனியில் பார்த்துப் பார்த்து எடுத்த கறுப்புக் கல்லைப் பார்த்துவிட்டு, மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "அக்கா, இந்தக் கல்ல இங்கன கல்லறைக்குத்தான் போடுவாக" என்றேன். இரண்டு நாள் தூங்காமல், வண்டி பிடித்துக் கல்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பழுப்புக் கல் எடுத்து வந்தாள். அதற்கப்புறம்தான் சும்மா சொன்னேன் என்று சொன்னேன்.

அடுத்தது பிராக்கெட். சைட்டில் மிச்சம் கிடந்ததைக் கேட்டு வாங்கினேன். அதை வெளியே கொண்டுவர ஸ்டோர்க்காரர் கையெழுத்து, ஜோசேட்டன் கையெழுத்து, அப்புறம் யாரென்றே தெரியாத ஒருத்தர் கையெழுத்து. ஊருக்குப் போன ஒரு கூட்டாளி பெட்டியில் பாதிக்குத் துணி, பாதிக்குப் பிராக்கெட். கொச்சி விமான நிலையத்தில் அதிகாரி ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதெந்தா?" என்று கேட்டிருக்கிறார். "கல்லு தூக்கான்", அதாவது கல் மாட்டத்தான், என்று இவன் சொல்ல, ஐந்து நிமிஷத்தில் விட்டுவிட்டார். சுமுகமாக முடிந்த விஷயம். என்னால் அதைச் சுமுகமாக விட முடியவில்லை. வேறு நம்பரிலிருந்து, மலையாளத்தில், கொச்சிக் கஸ்டம்ஸ் அதிகாரியாக மாமாவைக் கூப்பிட்டேன். உன் பெயருக்குத் துப்பாக்கிச் சாமான் வந்திருக்கிறது, உடனே வா என்றேன். கொச்சிக்கென்று கிளம்பி மாமா குமுளி செக்போஸ்ட் வரை போய்விட்டார். அங்கே நிற்கும்போதுதான் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன்.

அன்றைக்கு வயிறு வலிக்கச் சிரித்தேன். இப்போது எழுதும்போது சிரிப்பு வரவில்லை.

4

மாட்டுவதற்கு வந்தவர் முனியாண்டிக் கொத்தனார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். வீடியோவில் ஒரு தடவை காட்டினேன், பிடித்துக்கொண்டார். முதல் வரிசையில் தடுமாறினார், இரண்டாவது வரிசையில் எனக்கே வேகம் சொல்லிக் கொடுத்தார். ஒரு வாரத்தில் முன்சுவர் முழுக்கப் பழுப்புக் கல். இணைப்புக் கோடெல்லாம் நூல் பிடித்த மாதிரி. அன்று கேம்ப்பில் எல்லாருக்கும் நான் டீ வாங்கிக் கொடுத்தேன்.

நம் பக்கம் புது வீடு பார்க்க வருகிறவர்கள் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாய் பேசிக்கொண்டிருக்கும்போதே விரலை மடக்கிச் சுவரைத் தட்டுவார்கள். 'டங்'கென்று கேட்டால் நல்ல வேலை. 'டொப்'பென்று கேட்டால் கொத்தனார் கலவையில் கைவைத்துவிட்டான் என்று அர்த்தம். டைல்ஸுக்கு அது சரியான சோதனைதான். நானே தட்டிப் பழகியவன்தான்.

அக்கா வீட்டுக் கல்லை யார், எங்கே தட்டினாலும் டொப். பின்னால் மூன்று விரல் காலி இடம் இருந்தால் வேறென்ன கேட்கும்?

"என்ன பேச்சி, வெளிய மினுக்குன்னு இருக்கு, உள்ள ஒண்ணுமே இல்ல போலருக்கே" என்று ஒருத்தர். "மலையடிவாரம் ஆத்தா, அந்தச் சந்துக்குள்ள பாம்பு வந்து குட்டி போடும், பாத்துக்க" என்று இன்னொருத்தர். அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. கொத்தனாருக்கு அதைவிட மோசம். "முப்பது வருசமா என் கையில டொப்புன்னு ஒரு சுவரு பேசுனதில்ல மாமோய். இந்த ஒரு வீட்டுல என் பேரு கெட்டுப்போகும்" என்று மாமாவிடம் புலம்பியிருக்கிறார். ஒரு நாள் சாரம் போட்டு ஏறி, மேலிருந்து தண்ணியாகக் கலவை கரைத்து, கல்லுக்குப் பின்னால் வாளி வாளியாக ஊற்றி ரொப்பிவிட்டார்கள். இரண்டு நாள் வேலை. மறுநாள் தட்டிப் பார்த்தார்கள். டங்.

என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நான் ஏதாவது கதை கட்டுவேன் என்று அக்கா சொன்னாளாம்.

ஈரக் கலவை சும்மா நிற்காது. நான்கு பக்கமும் தள்ளும். பின்னால் சுவர், அது நகராது. முன்னால் கல், அது நாலு பின்னில் நிற்கிறது. நாங்கள் இங்கே மாட்டுவது மூன்று சென்டிமீட்டர் கனத்துக் கல். அக்கா எடுத்தது தரைக்குப் போடுகிற இரண்டு சென்டிமீட்டர் கல். அதிலே பின் ஓட்டை போனது போக வெளிப்பக்கம் மிச்சம் இருப்பது ஒரு முறுக்குக் கனம். அது உடைந்தால் கல்லைப் பிடித்திருப்பது பின் அல்ல, பழக்கம்தான்.

5

பால் காய்ச்சுவதற்கு நாலு நாள் இருக்கும்போது அக்கா வீடியோவில் வந்தாள். சீரியல் லைட் தொங்கவிட்டிருப்பதைக் காட்ட. சாயங்கால வெயில் சாய்வாகச் சுவரில் அடித்தது. கல் எல்லாவற்றுக்கும் கீழே மெல்லிய நிழல் கோடு. வாசலுக்கு மேலே, இரண்டாவது வரிசை, நடுக் கல்லுக்குக் கீழே மட்டும் கனமான கோடு. ஒரு விரல் கனம் இருக்கும்.

"அக்கா, போன அப்பிடியே பிடி. ஆட்டாத. அந்தக் கல்லு வெளிய தள்ளியிருக்கு. என்ன பண்ணீக?"

அப்போதுதான் கலவை ஊற்றிய கதை வெளியே வந்தது.

"அக்கா, அத ஒடனே கழட்டச் சொல்லு. முப்பது கிலோ இருக்கும். யாரு தலையிலயாச்சும் விழுந்துச்சுன்னா..."

"ஆரம்பிச்சிட்டியா?"

"நெசமாக்கா."

"கல்லறக் கல்லுன்னு சொன்னப்பயும் இதே மூஞ்சியத்தாண்டா வச்சிருந்த. ஒனக்கு எம்புட்டு மூஞ்சி இருக்குன்னு எனக்குத் தெரியாது?"

"யாழினி மேல சத்தியமாச் சொல்றேன்."

அக்காவின் முகம் மாறிவிட்டது. "பிள்ள மேல சத்தியம் பண்ணி வெளாடுற அளவுக்கு வந்துட்ட. வைடா போன." வைத்துவிட்டாள்.

மாமாவைக் கூப்பிட்டேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"மாப்ள, கொத்தனார்ட்ட கேட்டுட்டேன். கலவ எறுகிப் பாறையா நிக்கிதாம். யானை வந்து முட்டுனாலும் அசையாதுங்குறாக."

"மாமா, கழட்டக்கூட வேணாம். அந்த வாசல மட்டும் அடச்சு வைங்க. எல்லாரும் சமையக்கட்டு வாசல் வழியா வரட்டும்."

"மொத மொதப் புது வீட்டுக்கு வர்றவுகள கொல்லப்பக்கமா வாங்கன்னு சொல்லவா? ஊரு என்ன பேசும்? விடுங்க மாப்ள. குமுளி வரைக்கும் போன ஆளு நான்."



மறுநாள், அக்காவிடம் பேசச் சொல்லி ஜோசேட்டன் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். வீடியோ காலில் பிடித்து வைத்திருந்த போட்டோவைப் பார்த்ததுமே அவர் முகம் இறுகியது. "எடா, இது ஒரு நிமிஷம் வைக்கக்கூடாத கல்லாணு" என்றார். அவரே என் போனில் அக்காவைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"சேச்சி, ஞான் ஜோஸ். தவசியோட போர்மேன். ஆ கல்லு அபாயமாணு. வாசல்ல ஆரும் நிக்கண்டா, கேட்டோ?"

அந்தப் பக்கம் அக்கா விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம். "ஏங்க, இங்க வாங்க, கஸ்டம்ஸ்காரரு மறுபடியும் வந்திருக்காக! டேய் தவசி, இந்தத் தடவ கொரலு இன்னும் நல்லா வந்திருக்குடா. கட்டப்பனையான் கணக்காவே இருக்கு."

ஜோசேட்டன் என்னைப் பார்த்தார். இருபது வருஷமாகப் போர்மேனாக இருக்கிறவர். அவரைப் பார்த்து ஒருத்தரும் அப்படிச் சிரித்திருக்க மாட்டார்கள். போனை என் கையில் கொடுத்துவிட்டு, "நீ அவரை எந்தா செய்து வச்சிருக்கே?" என்று மட்டும் கேட்டார்.

வீடியோ கால் போட்டு அவரைக் காட்டினேன். "கூட்டாளியச் சேத்துக்கிட்டு நடிக்கிறான்" என்றாள்.

நானே போய் இறங்கிக் கழற்றினால் ஒழிய வழியில்லை என்று கம்பெனி ஆபீசுக்குப் போனேன். பாஸ்போர்ட் விசா புதுப்பிக்க வாங்கிப் போனது. எந்த மேஜையில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. அவசர விடுப்புக்கு ஒரு பாரம். அதில் டிக் அடிக்க மூன்று கட்டம்: சாவு, கடும் நோய், சொந்தக் கல்யாணம். ஆபீசில் இருந்தது ஒரு பிலிப்பைன்ஸ் அம்மா, நல்ல மாதிரி. எந்தக் கட்டம் என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், கல் இருக்கிறது, அக்கா அதன் கீழே இருக்கிறாள் என்றேன். அந்த அம்மா பதறி எழுந்தே விட்டாள். கண்ணெல்லாம் கலங்கி, பேனாவை எடுத்து முதல் கட்டத்துக்குப் போனாள்.

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். வாழ்க்கையில் எத்தனை பொய் சொல்லியிருக்கிறேன், ஒரு பொய்யைச் சொல்லாமல் சொல்லியிருந்தால் போதும். ஆனால் அக்காவின் பெயரை அந்தக் கட்டத்துக்கு நேரே எழுதவிட எனக்கு மனசு வரவில்லை. "இன்னும் விழவில்லை" என்று சொல்லிவிட்டேன்.

அந்த அம்மா மெதுவாக உட்கார்ந்தாள். பேனாவை மூடினாள். "அப்படியென்றால் விழுந்த பிறகு வா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. விதி அப்படித்தான் இருக்கிறது.

6

பால் காய்ச்சியது ஐப்பசி முதல் ஞாயிறு. எனக்கும் லீவு நாள். மூன்றடுக்குக் கட்டிலின் நடு அடுக்கில் படுத்துக்கொண்டு போனில் பார்த்தேன். மாமாவின் தம்பி மகன் போனைப் பந்தல் காலில் கட்டி வைத்திருந்தான். எனக்கு நேரே அந்த வாசல், அதற்கு மேலே அந்தக் கல். வேறு எதுவும் என் கண்ணில் படவில்லை.

முதலில் பசு. கன்றோடு கூட்டி வந்தார்கள். வாசலுக்கு வந்ததும் பசு நின்றுவிட்டது. தலையை ஆட்டுகிறது, பின்னால் போகிறது, உள்ளே கால் வைக்க மாட்டேன் என்கிறது. இரண்டு பேர் கயிற்றை இழுக்க, மூன்று பேர் பின்னால் தள்ள, எல்லாரும் அந்தக் கல்லுக்கு நேர் கீழே. நான் கட்டிலில் எழுந்து உட்காரப் போய் மேல் அடுக்கில் தலையை இடித்துக்கொண்டேன். "மாமா, மாட்ட விடுங்க! அது போகாது, விடுங்க!" என்று கத்தினேன். மேளச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை போல. பசுவின் கொம்பு நிலையில் இடித்தது. இடித்தது எனக்குக் கேட்டது. கல் அசையவில்லை. பசு உள்ளே போய்விட்டது. குலவைச் சத்தம்.

பின்னாலேயே அக்கா, பால் சொம்போடு. பட்டுச் சேலை, தலை நிறையப் பூ. அவளை அப்படிப் பார்த்து எத்தனை வருஷம் ஆகிறது. பார்க்க முடியவில்லை, அவள் தலைக்கு மேலேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் வந்தவர்கள் எல்லாரும் ஒருத்தர் விடாமல் தட்டினார்கள். மொய் எழுதும் முன்னால் ஒரு தட்டு, இலையில் உட்காரப் போகும் முன்னால் ஒரு தட்டு. டங் டங். "பரவாயில்லயே, கெட்டியா இருக்கே." முனியாண்டிக் கொத்தனார் புது வேட்டியில் நின்று ஒவ்வொரு தட்டுக்கும் தலையாட்டினார். நான் ஒவ்வொரு தட்டுக்கும் அந்தக் கல்லின் கீழ்க் கோட்டைப் பார்த்தேன்.

கடைசியில் மாமா போனைக் கையில் எடுத்தார். முகம் பூராவும் சந்தோஷம். நிமிர்ந்து பேசினார், முதல் தடவையாக.

"பாத்தீகளா மாப்ள? மாடு போச்சு, ஊரே போச்சு. ஒண்ணும் விழுகல. இப்பப் பாருங்க."

வாசலிலேயே நின்றுகொண்டு, முஷ்டியை மடக்கி, கை எட்டிய கல்லில் குத்தினார். ஒன்று, இரண்டு, மூன்று. அதற்கு நேர் மேலே இரண்டாவது வரிசை.

"கேக்குதா? டங்குன்னு கேக்குதா?"

"கேக்குது மாமா" என்றேன். "போதும் மாமா. கேக்குது. கைய எடுங்க. நல்லாருக்கு மாமா, ரொம்ப நல்லாருக்கு."

வேறு என்ன சொல்வது? நல்லாயிருக்கிறது என்று சொன்னால்தான் கையை எடுப்பார்.

7

யாழினி கம்பத்தில் இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கிறாள். காலை எட்டு மணிக்கு வேன் வரும். அதற்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே ஷூவை மாட்டிக்கொண்டு புது வீட்டு வாசற்படியில் உட்கார்ந்துவிடுவாள். ஊரில் எட்டு மணி என்றால் இங்கே ஆறரை. நான் கம்பெனி பஸ்ஸில் இருப்பேன். பக்கத்து சீட்டில் எல்லாரும் தூங்குவார்கள். நான் மணியையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஆறு நாற்பது ஆனால்தான் மூச்சு வரும். அது அன்றைக்கு மட்டும்.

முன்பெல்லாம் போனைப் பிடுங்கி, "மாமா, போலீஸ் கொரல் பண்ணுங்க" என்பாள். இப்போது கேட்பதில்லை. அவளைத் தனியாகப் பிடித்து, "தாயி, நீ வேனுக்குத் தெருமுக்குல போய் நில்லு, வாசல்ல ஒக்காராத" என்றேன்.

"மாமா, ஸ்டாப் ஜோக்கிங். நீங்க எது சொன்னாலும் அப்பாகிட்ட கேட்டுட்டுத்தான் செய்யணும்னு அம்மா சொல்லிருக்காங்க" என்றாள். எங்கள் வீட்டில் எல்லாரும் 'சொன்னாக' என்போம். இவள் 'சொன்னாங்க' ஆகிவிட்டாள். அழகாகத்தான் இருக்கிறது. எனக்குத்தான் வேறு வீட்டுப் பிள்ளையிடம் பேசுகிற மாதிரி இருந்தது.

அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. நல்ல பிள்ளையாக வளர்க்கிறாள் அக்கா. பொய் சொல்கிற மாமனை நம்பாதே என்று சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அதில் என்ன தப்பு? பாஸ்போர்ட் கிடைத்து, விடுப்பு கிடைத்து, நான் ஊருக்கு வர எப்படியும் சித்திரை ஆகும். வந்த அன்றைக்கே ஏணி போட்டு ஏறி என் கையால் கழற்றிவிடுவேன். ஆனால் இடையில் கார்த்திகை இருக்கிறது, மார்கழி இருக்கிறது. மூலைக் கீறலுக்கு மாதக் கணக்கு தெரியாது.

அதனால்தான் இதை எழுதுகிறேன். எழுதுகிற ஆள் இல்லை நான். ஒரு பக்கத்துக்கு நாலு தடவை அடித்துத் திருத்துகிறேன். படிக்கிற உங்களில் யாராவது சுருளி அருவிக்குக் குளிக்கப் போவீர்கள், இல்லாவிட்டால் திராட்சை வாங்கப் போவீர்கள். சுருளிப்பட்டிக்குள் நுழைந்து போகும்போது வலது கைப் பக்கம், முன்சுவர் முழுக்கப் பழுப்புக் கல் மாட்டிய ஒரே வீடு. எட்டு மணிக்கு முன்னால் போனால் ரொம்ப நல்லது. வாசலுக்குப் போகாதீர்கள், ரோட்டிலேயே நின்று கூப்பிடுங்கள். தயவுசெய்து சுவரைத் தட்டிப் பார்க்காதீர்கள். "அம்மா, கதவுக்கு மேல ரெண்டாவது வரிசையில நடுக் கல்லு வெளிய வந்திருக்கு, பிள்ளைய அங்கன ஒக்கார விடாதீக" என்று சொல்லுங்கள். அவ்வளவு போதும்.

நீங்கள் யார் என்று கேட்பாள். இஞ்சினியர் என்று சொல்லுங்கள். கல் கடைக்காரர் என்று சொல்லுங்கள். வழியில் போகிறவன், கண்ணில் பட்டது என்று சொல்லுங்கள், அதுவே மேல். என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். தவசி சொன்னான் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். என் பெயரைக் கேட்டால் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். சிரித்துக்கொண்டே உங்களை வீட்டுக்குள் வாங்க என்று கூப்பிட, அந்த வாசலுக்குத்தான் வந்து நிற்பாள்.